சுவரில் ஒட்டிய மைக்

பெட்டியைக் காணோம்.

இனியா கிடங்கு அறையின் வாசலிலேயே நின்றுவிட்டாள். மேஜை இருந்தது. மேஜைமேல் விரித்த சிவப்புத் துண்டு இருந்தது. துண்டின்மேல் இருக்க வேண்டியது மட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்றரை. மாலை ஆறரைக்கு ஆட்கள் வரத் தொடங்கிவிடுவார்கள்.

"அக்கா!" என்று அவள் போட்ட கத்தலில், பின்னால் வந்த சௌமியாவின் கையிலிருந்த பஜ்ஜி கீழே விழுந்தது.

சௌமியா இனியாவின் அக்கா. சங்ககிரியில் லாரி விபத்துகளுக்கு இன்சூரன்ஸ் சர்வேயர். "மாடு குறுக்கால வந்துருச்சுங்க" என்று டிரைவர் சொன்னால், அவன் முகத்தைப் பார்க்காமல் டயரைப் பார்க்கிற ஆள். தங்கை போடும் எலக்ட்ரானிக் இசையைப் பற்றி அவளுடைய அபிப்பிராயம் கொஞ்சம் மட்டம். ரிப்பேரான மிக்ஸிக்கு ஊரைக் கூட்டுகிறார்கள் என்பாள். ஆனாலும் அந்தப் பெட்டி இனியா இரண்டு வருடம் உட்கார்ந்து, பற்றவைத்து, விரலைச் சுட்டுக்கொண்டு தன் கையால் செய்த சிந்தசைசர், மின்சாரத்தில் இசை எழுப்பும் கருவி. அது தெரிந்ததால் சௌமியா விழுந்த பஜ்ஜியைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

இடம், திருச்செங்கோடு போகிற சாலையில் ஒரு தறிப்பட்டறை. பட்டறையின் ஒரு பாதியில் தறிகள் இன்னும் ஓடுகின்றன. காலியான மறுபாதியை இனியா, அறிவு, மணிமாறன் மூவரும் வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். மண்டபக்காரர்கள் இவர்கள் சத்தத்தைக் கேட்டால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுவார்கள். அதனால் போஸ்டர் கிடையாது, செல்போனில் காதும் காதும் வைத்தாற்போல அழைப்பு. இன்றைய கச்சேரிக்கு ஒரே ஒரு கண்டிஷன்: பதிவு செய்து வைத்த எதையும் ஓட்டக்கூடாது. இனியாவின் பெட்டி தாளம் கொடுக்க, மற்ற இருவரும் அந்த நிமிடத்தில் தோன்றுவதை வாசிக்க வேண்டும்.

சௌமியா வேலையைத் தொடங்கினாள்.

"கடைசியா எப்பப் பாத்த?"

"நீ வந்தியே, அப்பத்தான். இங்க வெச்சுப்போட்டு உன்னோட டீ குடிக்க வந்தேன்."

அது உண்மை. எதிரே சின்னண்ணன் டீக்கடையில் பெஞ்சு முழுக்க ஆள். உட்கார இடமில்லாமல் இருவரும் அரைமணி நேரம் நின்றுகொண்டே கதை பேசினார்கள். கண் முழுக்கப் பட்டறையின் முன்வாசல்மேல்தான். ஒருவரும் உள்ளே போகவில்லை. உள்ளேயிருந்து மணிமாறனின் ஒத்திகை தெருவையே அதிர வைத்துக்கொண்டிருந்தது.

கிடங்கு அறைக்கு இரண்டு கதவு. ஒன்று ஹாலுக்கு, மற்றது கொல்லைச் சந்துக்கு. சந்துக் கதவுக்கு வெறும் கொக்கிதான்.

மணிமாறன் ஹாலில், குமிழ்கள் நிறைந்த தன் மேஜைக்குப் பின்னால், மைக் ஒன்று ஒட்டிய சுவரோரம் உட்கார்ந்திருந்தான். கால் இரண்டும் ஒரு பெரிய, பழைய ஓட்டை ஸ்பீக்கர்மேல். அதன் தகரமெல்லாம் துருப்பிடித்திருந்தது. முன்பலகையின் நான்கு திருகாணிகளின் தலை மட்டும் பளபளவென்றிருந்தது.

"நீ எங்கிருந்த?"

"இங்கதானுங்க. சீட்ட உட்டு எந்திரிக்கவே இல்ல. நீங்களே கேட்டிருப்பீங்களே?"

"கேட்டேன். காது இன்னும் ஙொய்ங்குது."

"கொல்லப்பக்கம் வந்தது அறிவு ஒருத்தன்தானுங்க" என்றான் மணிமாறன், குரலைத் தாழ்த்தி. "நேத்து இனியாகூட சண்ட வேற. போலீசெல்லாம் வேண்டாமுங்க. கண்டிஷன உட்டுப்போட்டு, ஆளுக்கொரு செட்டு தனித்தனியா போட்டுக்கலாம்."

அறிவு சந்தில் நின்றிருந்தான். காலையிலிருந்தே இவர்கள் வாடகைக்குப் பிடித்த பாதிக்கு ஜெனரேட்டர்தான் மின்சாரம் கொடுத்தது. அதற்கு டீசல் வாங்கப் போய்க் கேனோடு அப்போதுதான் திரும்பியிருந்தான்.

"நான் எடுக்கலீங்கக்கா. என்ற பையப் பாருங்க." அவனே பையைக் கவிழ்த்துக் கொட்டினான். இரண்டு ஒயர், டீசல் வாடையடிக்கும் துணி, ஒரு முறுக்குப் பொட்டலம்.

"நேத்து என்ன சண்ட?"

"மொதல்ல யாரு வாசிக்கறதுன்னு. எப்பவும் போடற சண்டைங்க."

அவன் இனியாவைப் பார்த்தான். இனியா தரையைப் பார்த்தாள். சௌமியாவுக்குச் சுருக்கென்றது. பெட்டி போனால் இன்னொன்று செய்துகொள்ளலாம். கல்லூரியிலிருந்து கூடவே இருக்கிற இவன் போனால்? தங்கை அழாமல் நிற்பதைப் பார்க்கத்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"மணி சொல்றதுதான் சரிபோல" என்றாள் இனியா, உதட்டைக் கடித்துக்கொண்டு. "தனித்தனியாவே போட்டுக்கலாம்."

"கொஞ்சம் பொறு. டீ குடிச்சுப்போட்டு வாரேன்."

மணி பன்னிரண்டேகால். சின்னண்ணன் கடை பெஞ்சு இப்போது காலி. சௌமியா நடுவில் சாவகாசமாக உட்கார்ந்தாள்.

"ஏனுங்ண்ணா, காலைல நிக்க எடமில்ல, இப்ப ஈ ஓட்டறீங்க?"

"அப்ப கரண்டு இல்லீங்கம்மிணி. தறிக்காரங்க பூராப் பேரும் இங்கதான் கெடந்தாங்க. வந்ததும் ஓடிட்டாங்க."

சௌமியா வாய்க்குக் கொண்டுபோன டம்ளரை அப்படியே கீழே வைத்தாள். எதிரே பட்டறைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தறிகள் தடக் தடக்கென்று அடித்துக்கொண்டிருந்தன. அட, இத்தனை நேரம் இது காதிலேயே ஏறவில்லையே!

ஹாலுக்குத் திரும்பினாள். மூவரையும் கூப்பிட்டாள்.

"மணி, சொவத்துல ஒரு மைக்கு ஒட்டியிருக்குதே, அது எதுக்கு?"

"பக்கத்துத் தறிச் சத்தத்த லைவா இழுக்கறதுக்குங்க. அதுதான் என்ற வாசிப்புக்கே அடித்தாளம்."

"காலைல வாசிச்சதுலயும் அது இருந்துச்சா?"

"ஆமாங்க. நல்லாத் தடதடன்னு கேட்டுருக்குமே?"

"கேட்டுச்சு. நடுவுல நிக்கவே இல்லியா?"

"இல்லீங்க. ஒரே ஓட்டம்."

"அதெப்படி சாமி? கரண்டு போயி தறி அத்தனையும் நின்னுபோச்சு. தறி ஓட்டறவங்க எம்பக்கத்துலதான் டீ குடிச்சாங்க. இல்லாத தறி உன்ற மைக்குல மட்டும் எப்படி ஓடுச்சு?"

மணிமாறன் ஸ்பீக்கர்மேல் இருந்த காலை இன்னும் அழுத்தி வைத்தான்.

"நாங்க கேட்டது பழைய ரெக்கார்டு" என்றாள் சௌமியா. "அத சத்தமா ஓட உட்டுப்போட்டு நீ எந்திரிச்சுட்ட. அந்தச் சத்தத்துல பக்கத்துல தறி நின்னது உனக்கும் தெரீல. தெருவுல நின்ன எங்களுக்கும் ஒறைக்கல. இந்த ஊருல பொறந்தவங்களுக்குத் தறிச் சத்தம் மூச்சு மாதிரி, ஓடுனாலும் ஓடற மாதிரியே, நின்னாலும் ஓடற மாதிரியே. முன்வாசல்ல நாங்க, கொல்லையில எந்த நேரமும் அறிவு வந்துருவான். அப்பப் பெட்டி வெளிய போயிருக்காது. காலக் கீழ எடு. ஸ்பீக்கரு பூரா துருவா இருந்தா திருகாணித் தலையும் துருவாத்தான் இருக்கோணும். எவனோ இன்னிக்குத் திருகியிருக்கான்."

அறிவு ஓடிப்போய்த் திருப்புளி கொண்டுவந்தான். பலகை கழன்றது. உள்ளே போர்வையில் பத்திரமாகச் சுற்றி, ஒரு கீறல் இல்லாமல், பெட்டி. இனியா அதை மடியில் வாங்கிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்புறம்தான் அழுதாள்.

"ஏன்டா?"

"எனக்கு மேடையில கை நடுங்குது இனியா." மணிமாறன் தலையைத் தூக்கவில்லை. "ஒரு வருசமா எல்லாக் கச்சேரியிலும் ஊட்டுல பதிஞ்சதத்தான் ஓட்டறேன். சும்மா குமிழத் திருகித் திருகி நடிக்கறேன். இன்னிக்கு உன்ற பெட்டி தாளம் குடுத்தா, பதிஞ்சது அதோட சேராம மாட்டிக்குவேன். நாளைக்கே திருப்பிக் குடுத்துருப்பேன், சத்தியமா." பெருமூச்சு ஒன்று வந்தது. "அப்பாடா. சொல்லித் தொலச்சாச்சு."

"நல்லா அப்பாடா போட்ட!" இனியா சீறினாள். "அறிவத் திருடனாக்கிப்போட்டு உனக்கு அப்பாடாவா?" பிறகு அறிவைப் பார்த்தாள். "எனக்கும் ஒரு நிமிசம் சந்தேகம் வந்துருச்சு. மன்னிச்சுக்கோ."

"உனக்கு ஒரு நிமிசந்தான? அக்கா பார்த்த பார்வைல எனக்கே என்மேல ரெண்டு நிமிசம் வந்துச்சு" என்றான் அறிவு. அவனுக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. மணிமாறனிடம் போய், நடுமண்டையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தான். "இதுதான் உனக்குத் தண்டன. சாயங்காலம் நீதான் மொதல்ல வாசிக்கற. நடுங்குனா நடுங்கட்டும்."

மாலை ஹால் நிரம்பி வழிந்தது. மணிமாறன் வாசித்தான். இரண்டு இடத்தில் தப்பு விழுந்தது. ஒரு இடத்தில் இனியாவின் தாளத்தை விட்டுவிட்டு முழித்தான். சௌமியா கடைசி வரிசையில் கைகட்டி நின்றாள்.

எட்டு மணி. பக்கத்தில் ஷிப்ட் மாறுகிற நேரம். சுவருக்கு அந்தப் பக்கம் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. ஸ்பீக்கரில் மணிமாறனின் அடித்தாளமும் ஒவ்வொரு இழையாக மெலிந்து, மெலிந்து, சுத்தமாக அறுந்துபோனது. அந்த வெறுமையில் அவன் நடுங்கும் விரலால் ஒரே ஒரு சுரத்தை வைத்துக் காத்திருந்தான். இனியா சிரித்துக்கொண்டே தாளத்தைக் கொடுத்தாள்.

"இப்பத்தான்டா நெசமா வாசிக்கற!" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் கத்தியது.

மிக்ஸி ரிப்பேர் என்று சொன்ன அதே சௌமியாதான்.