ஆயிரத்து நூற்று முப்பத்தொன்பதாம் பக்கம்

காலைக் கஞ்சிக்காக வரிசையில் நின்ற ஐம்பத்தொரு வயதுக் கோமதிநாயகத்திடம் வழங்குபொறி வழக்கம்போல் கேட்டது: "தம்பி, மிளகு சேர்க்கப் பாதுகாவலரின் இசைவு உண்டா?"

உண்டென்று அவருடைய தோளருகே மிதந்த காப்புப்பொறி விடையளித்தது. அவர் நரைத்த தலையைத் தடவிக்கொண்டே கிண்ணத்தை வாங்கினார். அடுத்து நின்ற எழுபது வயதுக்காரருக்கு இனிப்பு மறுக்கப்பட்டது. எவரும் வியக்கவில்லை. செவ்வாயின் அக்குடியேற்றத்தில் வாழ்ந்த நாலாயிரம் பேரும் சட்டப்படி வயதுவராத இளவர்களே.

அதற்கொரு வரலாறு உண்டு. பதினெட்டு ஆண்டு நிரம்பினால் ஒப்பந்தம் செய்யலாம் என்பது பழைய விதி. செவ்வாயின் ஓராண்டோ புவியின் ஈராண்டுக்குச் சற்றே குறைவு. எந்தக் கோளின் ஆண்டைக் கொள்வது என்று வழக்கு மூண்டபோது, நீதிமன்றம் சலித்துப்போய் வயதையே தள்ளிவிட்டது. தான் ஒப்பும் ஒப்பந்தத்தை முற்றும் படித்தவர் பெரியவர். படியாமல் 'ஒப்புகிறேன்' என்ற பொத்தானை அழுத்துபவர் இளவர் என்று தீர்ப்பாயிற்று. கண்மணி வரிவரியாக நகர்ந்ததா என்பதைத் திரைதோறும் பதித்த விழிமானி காட்டிக்கொடுக்கும். பெரியவரான ஒருவர் ஒரேயொரு தாளைப் படியாமல் ஒப்பினாலும் அக்கணமே மீண்டும் இளவராவார்.

இளவருக்குச் சலுகை உண்டு. தாம் செய்த ஒப்பந்தத்தை அவர் ரத்துச் செய்யலாம். ஆனால் எந்த விதியின்படி ரத்துச் செய்கிறார் என்று விதியெண்ணைக் கூறவேண்டும். அந்த எண்ணோ ஒப்பந்தத்துக்குள் எங்கோ இருந்தது. ஒப்பந்தம் ஆயிரத்து நூற்று நாற்பது பக்கம்.

கோமதிநாயகம் முப்பதாண்டுப் பணிக்கு ஒப்பிக் கலமேறியபோது அவருடைய மகள் கயற்கண்ணிக்கு மூன்று வயது. தூத்துக்குடியில் இப்போது அவளுக்கு இருபத்திரண்டு. தாயும் மறைந்துவிட்டாள். தந்தையும் மகளும் நாள்தோறும் பேசினார்கள். ஆனால் ஒருவர் சொல் மற்றவரை அடையப் பதினேழு நிமிடம் ஆகும். அவள் சிரித்து ஓய்ந்த பிறகே சிரிப்பு இவர் காதில் விழும். மூன்று வயதில் அவள் அவரை ஒரு வாக்கியமும் முடிக்கவிட்டதில்லை; "அப்புறம்? அப்புறம்?" என்று குறுக்கே விழுவாள். இப்போது அவர் எத்தனை நாழிகை பேசினாலும் தடுப்பாரில்லை. தம் பேச்சின் நடுவே மகள் ஒருமுறை குறுக்கிடவேண்டும் என்பதே அவருடைய ஏக்கமெல்லாம்.

புவிக்குச் செல்லும் கலம் இருபத்தாறு மாதத்துக்கு ஒருமுறைதான் புறப்படும். அது கிளம்பப் பத்து நாள் இருக்கையில் அவர் விடுப்பெடுத்துக்கொண்டு ஒப்பந்தத்தைத் திறந்தார். உடன் நீரேற்று நிலையத்தில் பணியாற்றும் பேச்சியம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, கல்யாணப் பத்திரிகையவே நாம சாப்பாடு எத்தன மணிக்குன்னுதான் பாப்போம். இதப் போயி முழுசாப் படிக்கவா போறிய?"

"விதியெண் வேணும்லா, பேச்சி."

"கண்ணு அவிஞ்சு போவும். பெறவு எண்ணக் கண்டுபிடிச்சாலும் தெரியாது."

ஒன்பது நாள் படித்தார். நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், இறந்தவர் உடல் பாசிப்பண்ணையின் உரத்துக்கு உரியது என்று கண்டார். எழுநூற்று மூன்றில், பணியாளர் மூச்சுவிடும் காற்றுக்கு ஈடாகப் பணிக்காலத்தை நீட்டிக்கலாம் என்றிருந்தது. ஆயிரத்து நூற்று முப்பத்தொன்பதாம் பக்கத்தில் அவர் தேடிய எட்டாம் விதி கிடைத்தது: 'இளவர் இவ்வொப்பந்தத்தை எப்போது வேண்டுமாயினும் ரத்துச் செய்யலாம்.' மகிழ்ச்சியோடு பக்கத்தைப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் ஒரே வரி: 'இதுவரை படித்தவர் இளவர் அல்லர்.'

காப்புப்பொறி தோளைவிட்டு இறங்கி அவர்முன் பணிந்து நின்றது. "வாழ்த்துகள், ஐயா. இக்குடியேற்றத்தின் முதற்பெரியவர் தாங்களே. ஒப்பந்தம் இனித் தங்களை முழுமையாகக் கட்டுப்படுத்தும்."

மறுநாட்காலை மிளகு கேட்காமலே கிடைத்தது. அவருக்குக் கஞ்சி இறங்கவில்லை. நடந்ததை மகளுக்குச் சொல்ல அவர் அமர்ந்தபோது, அவளுடைய செய்தி முன்பே வந்து காத்திருந்தது.

"அப்பா, நீங்க வரமாட்டிய. அதான் நானே வாரேன். முப்பது வருசத்துக்கு எழுதிக் குடுத்துட்டேன், நாளைக்குக் கலம். தடுக்காதிய, நான் கேக்கமாட்டேன்."

அவர் பதறிப்போய், எட்டாம் விதியைச் சொல்லி ரத்துச் செய்யுமாறு மன்றாடினார். முப்பத்துநாலு நிமிடம் கழித்து வந்த விடையில் ஒரு சொல்தான் இருந்தது: "மாட்டேன்."

காப்புப்பொறி அவருக்கு இன்னொரு வழியை நினைவூட்டியது. படியாமல் ஒப்பிய மகள் இளவர். தந்தை பெரியவராதலால், பாதுகாவலர் என்ற முறையில் அவரே அவளுடைய ஒப்பந்தத்தை ரத்துச் செய்யலாம். ஒரு பக்கப் படிவந்தான்.

திரையில் படிவம் விரிந்தது. அழுத்தினால் அவள் வாழ்வு தப்பும். அந்தச் சிரிப்பு என்றைக்கும் பதினேழு நிமிடத் தொலைவிலேயே இருக்கும். அழுத்தாவிட்டால் ஏழு மாதத்தில் அவள் எதிரே வந்து அமர்வாள். உரமாகும்வரை இங்கேயே இருப்பாள். தம் ஏக்கத்துக்கு அவளை விலையாக்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. எழுத்துகள் கண்ணீரில் கரைந்தன. விரல் தடவிப்போய் 'ஒப்புகிறேன்' என்பதை அழுத்தியது.

விழிமானி மெல்ல ஒலித்தது. காப்புப்பொறி நிமிர்ந்து, பறந்து, தோளருகே பழைய இடத்தில் நின்றது.

"மூன்றாம் வரிக்குப் பிறகு வாசிப்பு இல்லை, தம்பி. நீ மீண்டும் இளவராகிவிட்டாய். இளவர் பாதுகாவலராக இயலாது. ஆகவே உன் மகளின் ஒப்பந்தம் ரத்தாகவில்லை."

பணி ஒப்பந்தம் முழுவதையும் மறுபடி படித்து மீண்டும் பெரியவராக ஒன்பது நாள் வேண்டும். மகளின் கலமோ நாளை கிளம்புகிறது. அவர் தலையைப் பிடித்துக்கொண்டு அமர்ந்தார்.

"இன்னுமொன்று, தம்பி. உன் ஒப்பந்தத்தை நீ இப்போது ரத்துச் செய்யலாம். விதியெண் உனக்குத் தெரியும். புவிக்கலம் மாலையில் புறப்படுகிறது."

பத்தொன்பது ஆண்டு காத்திருந்த சொல் அது. அதை ஏற்றுக் கலமேறினால், நடுவானில் எங்கோ மகளின் கலம் எதிர்த்திசையில் கடந்துபோகும். அவர் வேண்டாமென்று தலையசைத்தார்.

பிறகுதான் அவருக்குப் பொறிதட்டியது. அவள் வரட்டும். விதியெண் நெஞ்சில் இருக்கிறது. அடுத்த கலத்துக்கு இரண்டு இளவர்கள் எட்டாம் விதியைச் சொல்லிவிட்டுக் கைகோத்துக் கிளம்பலாம். அதுவரை அவளை ஒன்றிலிருந்து மட்டும் காக்கவேண்டும். அவள் இறங்கியதும் சொல்லவேண்டியதை அவர் அன்றே ஒத்திகை பார்க்கத் தொடங்கினார்.

"தாயி, மொதல்ல ஒண்ணு கேட்டுக்கோ. அந்த ஒப்பந்தத்த மட்டும் தப்பித்தவறிக்கூடப் படிச்சி..."

ஒத்திகையிலும் அவரால் அதற்குமேல் போக முடியவில்லை. வாக்கியம் முடியுமுன் அவள் குறுக்கே விழுந்து சொல்லப்போவது இப்போதே காதில் கேட்டது:

"போங்கப்பா, அதையெல்லாம் யாரு படிப்பா?"