ஆகாயக் கப்பலுக்கு ஓர் அம்பு ஸ்டிக்கர்

"அண்ணே! நான் கேட்டது என்ன படம், நீங்க குடுத்தது என்ன படம்?"

மழையில் பாதி நனைந்த துப்பட்டாவோடு நல்லூர் சிடி கடைக்குள் நுழைந்த அனுசுயா, கையிலிருந்த உறையைப் பட்டென்று மேசைமேல் வைத்தாள். கடைக்காரர் திருமூர்த்தி திருதிருவென்று விழித்தார்.

"நல்ல குடும்பப் படம்னு சொன்னீங்க. அப்பாவும் அம்மாவும் அழுறதுக்கே தயாரா உக்காந்திருந்தாக. போட்டா... வானத்துல வெள்ளரிக்கா மாதிரி ஒண்ணு மிதந்து வந்து, ஊரு மேல குண்டு போடுது!"

"வெள்ளரிக்காயா!"

குரல் பின்னாலிருந்து வந்தது. திரும்பினாள். மழைக்கு ஒதுங்கியவன் போல வாசலோரம் ஒருவன் நின்றிருந்தான். நெற்றியில் ஒட்டிய ஈர முடி... சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றுப்போன கண்கள்... கையில் இன்னொரு சிடி உறை.

"ஏனுங்க, அது ஆகாயக் கப்பலுங்க. முதல் உலகப் போர்ல வந்ததுங்க. அதைப் போயி வெள்ளரிக்கான்னு சொல்லிப்போட்டீங்களே!"

"நீங்க யாரு?"

"நீங்க அழ வேண்டிய படத்தைப் பார்த்து அழுதுட்டு வந்தவனுங்க."

திருமூர்த்தி தலையில் அடித்துக்கொண்டார். உறை மாறிப்போயிருந்தது. இருவரும் உறைகளை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. ஆனால் அனுசுயாவின் கை உறையை விடவில்லை...

"அந்த ஆளு... கப்பலோட மேல் துணி கிழிஞ்சிருச்சுன்னு காத்துல ஏறித் தைக்கப் போவானே... அந்த நேரம் பார்த்து கரண்டு போயிருச்சு. பொழைச்சானா?"

அவன் முகத்தில் விளக்குப் போட்டது போல ஒரு வெளிச்சம். "அதை நான் சொல்ல மாட்டனுங்க. மறுக்காப் போட்டுப் பாருங்க. நான் இன்னொரு நாளைக்கு எடுத்துக்கறேன்."

சரியான திமிர் பிடித்தவன் என்று நினைத்துக்கொண்டேதான் அவள் மழையில் இறங்கினாள். வீடு வரும்வரை ஏன் சிரித்துக்கொண்டே வந்தாள் என்பது அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் பார்த்தால்... அதே கண்கள் அவளுடைய பனியன் கம்பெனி வாசலில்! கீழ்த்தளத்தில் கட்டிங் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் கணியூர்க்காரனாம். பெயர் பிரபாகர். அவளுக்கு மேல்தளத்தில் செக்கிங். தைத்து வரும் ஒவ்வொரு பீஸையும் வெளிச்சத்தில் விரித்து, ஓட்டையோ கறையோ கண்ணில் பட்டால் அந்த இடத்தைக் காட்டி ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவதுதான் அவள் வேலை. அவள் கண்ணுக்குத் தப்பிய டேமேஜ் என்று எதுவும் கிடையாது என்று சூப்பர்வைசரே சொல்வார்.

"பொழைச்சானுங்களா?" டீ நேரத்தில் பக்கத்தில் வந்து நின்றான்.

"பொழைச்சான். ஆனா கப்பல் எரிஞ்சு போச்சு." அவளுக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

"எல்லாப் படத்துலயும் கடைசியில எரியுமுங்க. எரியும்னு தெரிஞ்சேதான் பாக்குறது."

அப்படி ஆரம்பித்ததுதான்... வாரம் ஒரு ஆகாயக் கப்பல் அவள் வீட்டுக்கு வந்தது. பனிமலைக்கு மேல் வழி தவறிய கப்பல், எதிரி நாட்டுக் கோட்டையிலிருந்து திருடிக்கொண்டு வரும் கப்பல், உளவாளி உள்ளேயே ஒளிந்திருக்கும் கப்பல். சூலூர்ப் பக்கம் போர் விமானம் இறங்கும் சத்தம் கேட்டால் வண்டியை ஓரங்கட்டி அண்ணாந்து பார்க்கிற ஆளுக்கு, இந்த மெதுவான பூதத்தின் மேல் அப்படி என்ன பைத்தியம் என்று ஒருநாள் கேட்டே விட்டாள்.

"போர் விமானம் சட்டுனு வந்து சட்டுனு போயிருமுங்க. இது அப்படியில்லை. அத்தாம்பெருசு இருந்துக்கிட்டு ஓடி ஒளிய முடியாது. உள்ளார வெறும் காத்து, மேல துணி. அந்தத் துணியை நம்பி அத்தனை பேரு மேகத்துக்குள்ள போறாங்க பாருங்க..." சொல்லும்போது அவன் கண்கள் எங்கோ மேலே இருந்தன. "ஆனா ஒண்ணுங்க. போன வாரம் குடுத்த படத்துல தப்பு நெறைய. அந்த வருசம் அந்த மாதிரி இஞ்சினே கிடையாது. என்னைய மாதிரி ஆளுக நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் கண்டுபுடிச்சிருவோம்."

"தப்புன்னு தெரிஞ்சும் பாப்பீகளா?"

"தப்பு இருந்தாப் புடிக்காமப் போயிருமாங்க?"

அந்தக் கேள்வியோடு அவன் அவளைப் பார்த்த பார்வையில், கையிலிருந்த டீ ஆறிப்போனதுகூட அனுசுயாவுக்குத் தெரியவில்லை.

எல்லாம் ஆயுத பூஜை வரும்வரைதான்.

பூஜைக்குக் கம்பெனி முழுக்கத் தோரணம் கட்டுவார்கள், மெஷினுக்கெல்லாம் சந்தனம் பூசுவார்கள். இந்த வருடம் வாசலில் நிஜமாகவே ஓர் ஆகாயக் கப்பலைப் பறக்க விடுவதாக முதலாளி மணியனிடம் பிரபாகர் சொல்லிவிட்டான். பீஸ் போட்டு அனுப்பும் மெல்லிய பாலிதீன் தாளை வெட்டித் தைத்து, பலூன்காரரின் கேஸை அடைத்து... ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு நீளம். "பறக்கலைன்னா உன் பேரு வருசம் முழுக்க வெள்ளரிக்காதான் கண்ணு" என்று முதலாளி சிரித்தாராம். கம்பெனியே சிரித்தது. பிரபாகர் மட்டும் சிரிக்கவில்லை. இத்தனை நாள் திரையில் பார்த்ததை ஒரு தடவையாவது தன் கையால் மேலே ஏற்றிவிட வேண்டும் அவனுக்கு.

தன்னைத்தான் கூப்பிடுவான் என்று அனுசுயா காத்திருந்தாள். அவளுக்கும் தைக்கத் தெரியும். அவன் கூப்பிட்டதோ ஓவர்லாக் மெஷினில் ஓரம் தைக்கும் சித்ரகலாவை!

சாப்பாட்டு நேரத்தில் கீழே எட்டிப் பார்த்தாள். கட்டிங் டேபிளில் பளபளவென்று பாலிதீன். ஒரு முனையில் அவன், மறுமுனையில் சித்ரகலா. "ஏனுங்க, இங்க கொஞ்சம் இழுத்துப் புடியுங்க... ஐயோ, அப்படியில்லீங்க!" என்று அவள் சொல்ல, இவன் இழுத்துப் பிடிக்க... இரண்டு பேருக்கும் என்ன சிரிப்பு!

இந்த ஊரில் எல்லாருமே எல்லாரையும் 'ஏனுங்க' என்றுதான் கூப்பிடுகிறார்கள். தெரியும். தெரிந்தும் அன்றைக்கு அந்த ஒரு 'ஏனுங்க' அனுசுயாவுக்குக் காதில் குத்தியது. ரெண்டு பேருக்கும் ஒரே பேச்சு, ஒரே ஊர்ப் பக்கம். நான் யார்... தெற்கேயிருந்து பிழைக்க வந்தவள், படம் வாங்கிப் பார்க்கிறவள். அவ்வளவுதானே?

அவர்கள் சாப்பிடப் போன பிறகு மெல்ல இறங்கிவந்தாள். பாலிதீனின் ஓர் ஓரத்தைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பழகிய கை, பழகிய கண்... பார்த்த உடனே தெரிந்துவிட்டது.

ஊசி ஓட்டை.

பனியன் துணியில் ஊசி போன இடம் மூடிக்கொள்ளும். பாலிதீனில் மூடாது. தையல் போன வழியெல்லாம் பொடிப்பொடியாக ஒளி ஒழுகியது. வெளிச்சம் ஒழுகினால் கேஸும் ஒழுகும். எதையும் தைத்தே பழகிய ஊர் இது... ஒட்ட வேண்டியதைத் தைத்து வைத்திருக்கிறார்கள்! அவன் கொடுத்த படம் ஒன்றிலேயே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தையலுக்கு மேல் நாடா ஒட்டுவார்களே. நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறவன் அதை எப்படி விட்டான்?

சுட்டு விரலில் ஒரு சிவப்பு அம்பு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒட்டப் போனாள்... வெளியே சித்ரகலாவின் சிரிப்பு கேட்டது. அம்பைக் கசக்கிப் போட்டுவிட்டு மேலே போனாள். அவள் தைத்ததுதானே... அவளே பறக்க விடட்டும்.

மாலையில் அவன் தேடி வந்தான். "நாளைக்கு முன்னாடி வந்து நில்லுங்க அனுசுயா. நீங்க கட்டாயம் இருக்கோணும்."

"ஏன், கூட நிக்கத்தான் ஆள் இருக்கே." முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் ஒன்றும் புரியாமல் திரும்பிப் போனான்.

பூஜை நாள். உள்ளே சாமி கும்பிட்டு முடித்து எல்லாரும் வாசலுக்கு வந்தார்கள். "சூடத்தட்டோட யாரும் வெளிய வராதீங்க, எரியற கதையே வேண்டாம்" என்று சத்தம் போட்டுக்கொண்டே பிரபாகர் கேஸைத் திறந்துவிட்டான். கப்பல் உப்பியது. மூக்கைத் தூக்கியது. இடுப்பு உயரம்... தோள் உயரம்... பிள்ளைகள் கைதட்டினார்கள். அப்புறம், ஸ்... என்று ஒரு சின்ன மூச்சு. மூக்கு மெல்லத் தொங்கியது.

"வெள்ளரிக்கா வாடிப்போச்சு டோய்!" யாரோ கத்த, வாசலே சிரித்தது.

அனுசுயா சிரிக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் யாரையும் பார்க்காமல், தரையில் படுத்துவிட்ட வாலைத் தடவித் தடவி எங்கே தப்பு என்று தேடிக்கொண்டிருந்தான். அந்தக் கண்கள்... மழையன்று சிரித்த அந்தக் கண்கள்... இதற்கா ஆசைப்பட்டேன்? இதைப் பார்க்கத்தானா வாயை மூடிக்கொண்டிருந்தேன்? பாவி... பாவி!

"நிறுத்துங்க!" கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனாள். "ஊசி ஓட்டை. தையல் முழுக்க ஒழுகுது. மேல டேப் ஒட்டணும்."

"எப்படிங்க தெரியும்?"

"நேத்தே பார்த்தேன்."

சிரிப்புச் சத்தம் நின்றது. பிரபாகர் எழுந்து நின்றான். "நேத்தே பார்த்தீங்களா... பார்த்துமா சொல்லலை?"

"சொல்லலை."

"ஏனுங்க?"

எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று அவள் பார்க்கவில்லை. "அவ தைச்சான்னு... நீங்க என்னைக் கூப்பிடாம அவளைக் கூப்பிட்டீகன்னு... பொறாமை. போதுமா? என்னைத் திட்டுறதா இருந்தா அப்புறம் திட்டுங்க. முதல்ல டேப் எடுங்க!"

சித்ரகலா வாயில் கைவைத்தாள். பிறகு வெடித்துச் சிரித்தாள். "அட புள்ளே! இந்தாளு தைக்கக் கூப்புட்டுட்டு நாள் முழுக்க உன்ர பேச்சேதான் பேசுனாரு. அனுசுயா பார்த்தா என்ன சொல்லும், அனுசுயா கண்ணுக்குத் தப்பாதுன்னு... என்ர காதே புளிச்சுப்போச்சு. நானும் தப்பாத்தான் தைச்சுப்போட்டேன். வா, ஒட்டலாம்."

பேக்கிங் பிரிவிலிருந்து டேப் வந்தது. அனுசுயா தையலோரமாகக் கன்னத்தை வைத்து ஒழுகும் இடத்தைக் கண்டு அம்பு ஒட்டிக்கொண்டே போக, பின்னாலேயே சித்ரகலா டேப் ஒட்டிக்கொண்டு வந்தாள். பிரபாகர் கேஸ் குழாயைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான்; அவள் பக்கம் திரும்பவே இல்லை. இனி எனக்குப் படம் கொடுக்க மாட்டான்... முகம் பார்க்க மாட்டான்...

மறுபடி கேஸ். மறுபடி மூக்கு நிமிர்ந்தது. தோளைத் தாண்டியது... வாசல் தோரணத்தைத் தாண்டியது... உடம்பெல்லாம் சிவப்பு அம்புகளோடு, கயிற்றின் நீளம் முழுக்க ஏறி, கம்பெனிக் கூரைக்கு மேல் அசையாமல் நின்றது. முதலாளி மணியனே விசில் அடித்தார்!

எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் தலையைக் குனிந்து நின்றாள்.

"உங்களை ஏன் கூப்பிடலைன்னு தெரியுங்களா?" பக்கத்தில் அவன் குரல். "நீங்க தப்புக் கண்டுபுடிக்கிறவங்க. ஒரு தப்பும் இல்லாம முடிச்சு, உங்க முன்னால ஏத்திக் காட்டோணும்னு ஆசைங்க. ஒரு படத்துல பொம்பளைக தையல் மேல நாடா ஒட்டுற சீன் வருமுங்களே... அதை நீங்க பார்த்து என்ன நினைச்சிருப்பீங்கன்னு யோசிச்சுக்கிட்டே, அந்த நாடாவைக் கவனிக்காம விட்டுட்டேன் போல."

"நான் பண்ணது பெரிய தப்பு..."

"தப்பு இருந்தாப் புடிக்காமப் போயிருமாங்க?"

நிமிர்ந்தாள். அவன் சட்டைப் பையின் மேல், இடப் பக்கமாக, ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது.

"இங்கயும் ஒரு டேமேஜ் இருக்குங்க. சிடி கடையில ஆனது. இத்தனை நாளா உங்க செக்கிங்ல சிக்கவே இல்லை."

அனுசுயாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. விரல் நுனியால் அந்த அம்பை மெல்ல உரித்து எடுத்தாள்.

"பாஸ் பண்ணிட்டீங்களா?"

"ம்ஹூம்... ரிஜெக்ட்." கொஞ்சம் தள்ளி நின்று கயிற்றைப் பிடித்திருந்த சித்ரகலாவை ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். "இந்தப் பீஸ் வேற யாருக்கும் போகாது. நானே வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்."