வெங்காயத்துக்கு ஏழு இறகு

நாரே வீட்டுச் சமையலறையில் ஒரு பெரிய வெங்காயம் தொங்கியது. அதில் ஏழு இறகுகளைக் குத்தியிருந்தார்கள். தவக்காலம் வந்தால் ஆர்மீனியர் சிலர் வீடுகளில் இப்படித் தொங்கவிடுவார்களாம். கிழமைக்கு ஓர் இறகாகப் பிடுங்க வேண்டும். ஏழும் தீர்ந்தால் ஈஸ்டர்!

"ஈஸ்டருக்கு என்ரை அப்பாவும் வந்திடுவார்," என்றாள் நாரே. அப்பா இன்னும் ஆர்மீனியாவில், யெரெவானில், விசாவுக்குக் காத்திருந்தார்.

கீழ்வீட்டுத் தமிழ்ப் பிள்ளை றூபினிக்குப் பொறாமையாகப் போயிற்று. அவள் வீட்டிலும் தவக்காலம்தான். ஆனால் இறைச்சி இல்லை, சொக்லேற் இல்லை, எல்லாம் இல்லை இல்லைதான். (பிளேஸ்டோ ஆங்கிலேய ஊர்; இருவரும் பேசியது பள்ளிக்கூட ஆங்கிலம். நாம் தமிழில் கேட்போம்.)

ஈஸ்டருக்கு ஒரு கிழமை முன்பே வெங்காயம் மொட்டையாகிவிட்டது.

"கடைசி இறகு எங்கை?" என்று கேட்டாள் றூபினி.

"விழுந்திருக்கும்," என்று நாரே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஈஸ்டர் வந்தது. அப்பா வரவில்லை. விசா இல்லையென்று சொல்லிவிட்டார்கள்.

பூசை முடிந்ததும் றூபினி மாடிக்கு ஓடினாள். மேசையில் மீன், முந்திரிகை வற்றல் போட்ட சோறு, பின்னல் போட்ட இனிப்புப் பாண், வெங்காயத் தோலோடு அவித்த சிவப்பு முட்டைகள். அப்பாவுக்கென்று வைத்த கோப்பையிலும் ஒரு முட்டை இருந்தது. முட்டையோடு முட்டை மோதி விளையாடும் நாள் அது. நாரே ஒன்றையும் தொடவில்லை. அவளுடைய அம்மா அடுப்பைப் பார்த்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெங்காயம் குப்பைத் தொட்டிக்குள் கிடந்தது.

"ஏன் எறிஞ்சனீ?" என்றாள் றூபினி.

நாரே அவளை வாசலுக்கு இழுத்துப் போனாள். "ஒருத்தருக்கும் சொல்லாதை. மூண்டாம் கிழமை நான் ரெண்டு இறகு பிடுங்கினனான். அப்பா கெதியா வரட்டும் எண்டு. கள்ளம் செய்தபடியாத்தான் விசா கிடைக்கேல்லை."

"விசர்க்கதை கதையாதை! வெங்காயமே விசா குடுக்கிறது? என்ரை மாமாவுக்கும் ரெண்டுதரம் இல்லை எண்டவங்கள். எங்கடை வீட்டு வெங்காயம் கறிக்கு மட்டுந்தான்."

நாரே சிரிக்கப் பார்த்தாள். அழுகைதான் வந்தது. "மாமா பிறகு வந்தவரோ?"

றூபினிக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. "இன்னும் இல்லை," என்றாள். அவளுக்கும் கண் கலங்கியது.

பிறகு அவளே வெங்காயத்தை எடுத்துக் கழுவினாள். இருவரும் தெருவில் இறங்கிப் பொறுக்கினார்கள். புறா இறகுக்கு பிளேஸ்டோவில் பஞ்சமா என்ன?

"எத்தினை குத்துவம்?" என்று கேட்டாள் நாரே.

"அப்பா எப்ப வருவார்?"

"ஒருத்தருக்கும் தெரியாது."

"அப்ப கொள்ளுமட்டும் குத்துவம்."

இனி இடமில்லை என்னும்வரை குத்தினார்கள். நாரேயின் அம்மா கதிரையில் ஏறி அதைத் தொங்கவிட்டார்.

"அடுத்த ஞாயிறு ஒண்டுதான் பிடுங்குவன்," என்றாள் நாரே. "ஒண்டே ஒண்டு."

"ஓம்," என்று றூபினி ஒரு சிவப்பு முட்டையை நீட்டினாள். டக்! அவளுடையதுதான் உடைந்தது. இருவரும் மோதி மோதி எல்லாவற்றையும் உடைத்தார்கள். அப்பாவின் கோப்பையில் இருந்த முட்டையை மட்டும் இருவரும் தொடவில்லை.