வாய்க்கால் பாலத்துச் சாப்பாடு

மாயவரம் போய்வரும் நாட்களில் நாகநாதனுக்குப் பசிப்பதே இல்லை. விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திருக்காட்டுப்பள்ளி வந்து சேருவார். கால் கழுவிவிட்டு உள்ளே வருவார். அகிலாண்டம் இலை போடப் போனால், "வேணாம், வயிறு நெறைஞ்சு கெடக்கு" என்று சொல்லி வலது கையை மூக்கருகே கொண்டுபோய் மோந்துகொள்வார்.

"அந்தப் பொம்பள வைக்கிற வத்தக்குழம்பு இருக்கே அகிலா, சொல்லி மாளாது."

குத்தாலத்துப் பக்கம் அவருடைய அப்பா காலத்து நிலம் பத்து மா இருந்தது. குத்தகைக்காரர்களின் உரிமையைப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு அதன்மேல் வழக்கு. மாதத்துக்கு இரண்டு வாய்தா. போகும் வழியில்தான் அந்தப் பொம்பளையின் சாப்பாட்டுக் கடை. ஐந்து மாதமாக இதே பேச்சு. திருக்காட்டுப்பள்ளியில் எந்த வீட்டில் கல்யாணம் என்றாலும் குழம்புக்கு உப்புப் பார்க்க அகிலாண்டத்தைத்தான் கூப்பிடுவார்கள். அந்தக் கைச்சமையலை, கல்யாணமான எட்டு வருஷத்தில், அவர் ஒரு நாளும் நன்றாயிருக்கிறது என்று சொன்னதில்லை.

ஒருநாள் அவர் அசந்து தூங்கும்போது அந்தக் கையை எடுத்து மோந்து பார்த்தாள். குழம்பு வாசனை இல்லை. சோப்பு வாசனை இல்லை. மனிதக் கைக்கு இருக்கும் வியர்வை வாடைகூட இல்லை. தோலுக்கு அடியில் எலும்புதான் தட்டுப்பட்டது. வாய்தா இல்லாத நாட்களிலும் வீட்டுச் சோறு அவருக்கு இரண்டு கவளத்துக்கு மேல் இறங்குவதில்லை. சட்டைக்குள் மனுஷன் இப்படி வற்றிப்போகிறாரே என்று அவள் பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை. வயிறுதான் எரிந்தது.

அடுத்த வாய்தாவுக்கு அவளும் புடவை மாற்றிக்கொண்டு நின்றாள்.

"கோர்ட்டுல உனக்கு என்ன வேலை?"

"கோர்ட்டுக்கு வரல. சாப்பிட வரேன்."

குத்தாலம் தாண்டி ஒரு வாய்க்கால் பாலத்தில் பஸ் அவர்களை இறக்கிவிட்டுப் போனது. உச்சி வெயில். பாலத்துக் கைப்பிடிச் சுவரில் கட்சிக்கொடி ஒன்று, கறுப்பும் சிவப்பும் வெளுத்துப் போய், காற்றில்லாமல் தொங்கியது. வரப்பில் அவர் முன்னால் நடந்தார், வீட்டுக்குத் திரும்பும் மாடு மாதிரி தலையை நீட்டிக்கொண்டு. மதகில் தண்ணீர் விழும் சத்தம் கொஞ்ச தூரம் கூடவே வந்து, ஓர் இடத்தில், கதவைச் சாத்தியதுபோல் நின்றது. தவளைச் சத்தமும் நின்றது. பிறகுதான் அந்த வாசனை வந்தது. நல்லெண்ணெயில் பொரியும் சுண்டைக்காய், கரிந்துவிடாமல் சிவந்த வெந்தயம், கொதித்துச் சுண்டிய பழம்புளி. வெந்தயத்தில் அகிலாண்டம் எப்போதும் ஒரு நொடி பிந்திவிடுவாள். இந்தக் கடைக்காரி பிந்தவில்லை. மோந்த மாத்திரத்தில் அகிலாண்டம் அதைத் தெரிந்துகொண்டாள்.

பெயர்ப்பலகை இல்லாத ஓட்டு வீடு. கூடத்தில் ஏழெட்டு ஆண்கள் சுவரைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் திரும்பவில்லை. யாரும் பேசவில்லை. உறிஞ்சும் சத்தம் மட்டும்.

"வாங்கய்யா. இன்னிக்கு அம்மாவையும் கூட்டிட்டு வந்துட்டீங்களா?"

கடைக்காரி அழகியாக இருந்திருந்தால் அகிலாண்டத்துக்கு ஆறியிருக்கும். நாற்பது வயது, வெறுங்கழுத்து, நரை விழுந்த தலை. "பொன்னுத்தாயி, கொஞ்சம் கூடவே போடு" என்று நாகநாதன் சொன்ன குரலை அவள் எட்டு வருஷத்தில் கேட்டதில்லை.

இரண்டு இலை விழுந்தது. பொன்னுத்தாய் குனிந்து பரிமாறும்போது அவள் முழங்கை அவர் காதோரம் வந்து வந்து போயிற்று. அவர் கன்றுக்குட்டிபோல் முகத்தைத் தூக்கி அவளையே பார்த்தார். அந்த முழங்கையையும் அந்த முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்ததில் அகிலாண்டம் இலையைப் பார்க்க நேரமாகிவிட்டது.

இலை காலியாக இருந்தது.

தெளித்த தண்ணீரின் ஈரம். அவ்வளவுதான். அவர் அதைப் பிசைந்தார். உருட்டினார். வாயில் போட்டு விழுங்கினார். தொண்டை ஏறி இறங்கியது.

"என்னங்க… எலையில ஒண்ணுமில்ல."

"சும்மா இரு. ரசம் வருது."

பொன்னுத்தாய் வெறும் கரண்டியைச் சாய்த்தாள். அது வழிந்து ஓடிவிடாமல் அவர் கையால் அணை கட்டினார்.

அகிலாண்டம் எழுந்து அடுப்படிக்குப் போனாள். அடுப்பில் புல் முளைத்திருந்தது. கவிழ்த்து வைத்த பானையின்மேல் கறையான் புற்று. வாசனை மட்டும் அங்கேதான் மூச்சை அடைத்தது.

"உங்க மாமனார் குத்தகையப் பிடுங்குன வருஷம் அணைச்ச அடுப்பும்மா அது." பின்னால் பொன்னுத்தாய் நின்றிருந்தாள். குரலில் கோபமே இல்லை. "அப்பறம் பத்தவைக்கல. புள்ளைங்க எலையப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கும். இந்தா வருது, இந்தா வருதுன்னு சொல்லிக்கிட்டே இருப்பேன். சொல்லச் சொல்ல மென்னுக்கிட்டே இருக்கும்ங்க."

அகிலாண்டம் கூடத்துக்கு ஓடினாள். அவர் தோளைப் பிடித்து இழுத்தாள். கூடை அளவு கனம்கூட இல்லை. ஆனாலும் எழவில்லை. இழுத்த வேகத்தில் அவள் வரிசையின் கடைசி ஆள்மேல் சாய்ந்தாள். அந்த ஆளின் இலை எப்போதோ நாராகியிருந்தது. தரையில் பள்ளம். அதை வழித்துக்கொண்டிருந்த விரல்களுக்கு நுனி இல்லை. எலும்பு. அதை நக்கினார்.

ஓடிவிடு என்றது மனசு.

கால் வாசலுக்குத் திரும்பிவிட்டது. அப்போதுதான் நாகநாதன் கெஞ்சினார்.

"இன்னும் கொஞ்சம், பொன்னுத்தாயி."

எத்தனை ஆசை அந்தக் குரலில். எத்தனை பணிவு. பயத்தைவிடப் பெரிதாக ஒன்று அவள் நெஞ்சில் ஏறி அடைத்தது. அப்படி என்ன இருக்கிறது இவள் கையில்?

தன் இலைமுன் உட்கார்ந்தாள்.

"எனக்கும் போடு."

கரண்டி சாய்ந்தது. ஒன்றும் விழவில்லை. ஒன்றுமில்லாததை அள்ளி வாயில் வைத்தாள்.

புளிப்பு. சூடு. உப்பு, அளந்து போட்ட உப்பு. சுண்டைக்காயின் கசப்பு பின்னால் மெல்ல வந்து நின்றது. அவளால் இப்படி வைக்க முடியாது. ஒருநாளும் முடியாது. கண்ணில் நீர் வந்தது. இன்னொரு வாய். இன்னொரு வாய். சாலையில் பஸ் ஹாரன் அடித்தது. போய்விட்டது.

நகம் இலையைக் கிழித்துக்கொண்டு தரையைத் தொட்டது.

ஓரக்கண்ணால் பக்கத்து இலையைப் பார்த்தாள். அவருக்கு மட்டும் ஏன் அவ்வளவு?

கையை நீட்டி அவர் இலையில் வைத்தாள். அவர் உறுமினார். வெற்று இலையின்மேல் இரண்டு கைகள், ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, பிறாண்டத் தொடங்கின.