நாலாவது விளக்கு

சிவராஜின் முகத்தில் மட்டும் பச்சை ஏறியிருந்தது.

கோமளா நாற்காலியை இழுத்து மானிட்டருக்கு இன்னும் கிட்டே போனாள். அவள் புருஷன் சிவராஜும் ஆறு வயது மகள் தர்ஷிகாவும் ஒரே மெரூன் டீ-சர்ட் போட்டுக்கொண்டு ஊஞ்சல் ஆடுகிற காட்சி. மெரூன் சரியாக இருந்தது. பின்னால் வெள்ளையடித்த சுவர் சரியாக இருந்தது. மகளின் கன்னமும் சரியாகத்தான் இருந்தது. அவளைத் தாங்கியிருந்த கையும், அதற்கு மேலே சிரித்த முகமும் மட்டும், தேய்க்காத செம்புக் குடத்தில் களிம்பு பிடித்ததுபோல லேசாகப் பச்சையடித்துத் தெரிந்தன.

பச்சைக்கு எதிர்ப்பக்கம் மெஜந்தா. நிறச்சாயலை மாற்றுகிற டின்ட்டை அந்தப் பக்கம் இரண்டு புள்ளி தள்ளினாள். சிவராஜ் மனுஷனானான். ஆனால் மகளின் முகம் காய்ச்சல் கண்டதுபோலச் சிவந்து, டீ-சர்ட் கத்தரிப்பூ நிறத்துக்கு ஓடிவிட்டது. துணி வாங்குகிற வெளிநாட்டு பையர் ஒப்புக்கொண்ட ஷேடு அது இல்லை. திரும்ப இழுத்தாள். பச்சை எங்கேயும் போகவில்லை.

ஒன்பது வருஷம் சாயப்பட்டறை லேபில், சாயம் கேட்ட நிறத்துக்கு ஒத்துவருகிறதா என்று ஷேடு பார்த்தவள் அவள். ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கு விளம்பரப் படம் எடுக்கிற பசீர் அகமது, அந்தக் கண்ணுக்காகவே அவளைத் தன் ஸ்டுடியோவில் சேர்த்துக்கொண்டார். துணியின் நிறம் படத்திலும் அப்படியே வர வேண்டும்; இம்மி பிசகினாலும் பையர் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அதற்காகவே சென்னையிலிருந்து சினிமா கேமரா ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தார். நடிக்க வேண்டிய ஆள் வராமல் போகவே, சிவராஜும் மகளும் ஊஞ்சலில் உட்கார்ந்தார்கள்.

"ஏனுங்ண்ணா, ஒயிட் பேலன்ஸுக்கு கிரே கார்டு காட்டுனீங்களா, பனியன் துணியக் காட்டுனீங்களா?"

பசீர் பிடரியைச் சொறிந்தார். "துணியத்தானுங்க காட்டுனேன். அவசரத்துல கைக்கு எட்டுனது அதுதான்."

கோமளாவுக்கு அழுகையே வந்துவிட்டது, அத்தனை நிம்மதி. எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்ல, சாம்பல் அட்டைக்குப் பதில் துணி: இந்தப் பனியன் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. ஊரெல்லாம் வெள்ளைத் துணி. அத்தனையிலும் வெளுப்பு மருந்து. வெயில் பட்டால் அது நீலம் தட்டி மினுங்கும். கேமரா பாவம், அதையே வெள்ளை என்று நம்பி மற்ற நிறங்களையெல்லாம் தாறுமாறாக்கிவிடும். கேமராவின் தப்பு. துணியின் தப்பு. வேறு யார் மீதும் தப்பில்லை.

"ஆனா கோமளா," என்றார் பசீர், திரையைப் பார்த்தபடி. "அதுனால கெட்டா மொத்தப் படமுமில்ல கெடோணும்? ஒரு ஆளு மட்டும் எப்படிங்க?"

அவள் ஃபைலை மூடினாள்.

இருபத்திரண்டு நாளுக்கு முன்னால், சிவராஜ் பம்ப் ஃபிட்டராக வேலை பார்த்த வேறொரு சாயப்பட்டறையில், கழிவுத் தண்ணீர்த் தொட்டிக்குள் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். தூக்கிவிட இறங்கியவன் சிவராஜ். மூன்று பேரையும் வெளியே எடுக்கும்போது மூன்று பேருக்கும் மூச்சில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் வரிசையாகப் படுக்க வைத்துத் துணி போர்த்திவிட்டார்கள். கோமளா அந்தத் தரையில் விழுந்து, முதலை விழுங்கிய பிள்ளையைத் திருப்பிக் கொடுத்த அவிநாசியப்பர் கோயில் இருக்கும் திக்கைப் பார்த்துக் கதறினாள். எப்படியாவது குடு சாமி, எந்த மாதிரியாவது குடு. கதறிக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது துணி எழுந்து உட்கார்ந்தது.

வந்தவனிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. பேர் சொன்னான், பழசெல்லாம் சொன்னான், மகளைக் கண்ணு என்று கூப்பிட்டான். ஆனால் எத்தனை சோப்புப் போட்டாலும், சாயத்தில் போடுகிற உப்பும் சோடாக் காரமும் கலந்த அந்தத் தொட்டி வாடை தோலுக்கு அடியிலிருந்து வந்துகொண்டே இருந்தது. இந்த வெயிலுக்கும் வியர்க்கவில்லை. லேபில் ஷேடு ஒரு நூல் தப்பினால், வியாபாரத்துக்கு இது போதும், கமர்ஷியல் மேட்ச் என்று எழுதி பாஸ் பண்ணிவிடுவார்கள். கோமளாவும் தன் புருஷனை அப்படித்தான் பாஸ் பண்ணியிருந்தாள். உயிரோடு இருக்கிறானே, அது போதாதா?

மறுநாள் காலை, பளிச்சென்ற வெயிலில், கிரே கார்டு வைத்து மறுபடியும் எடுத்தார்கள். எத்தனை முறை எடுத்தாலும் சிவராஜ் முகம் சுளிக்கவில்லை. கோமளா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படத்தை ஓடவிட்டாள். ஃபேன் சத்தம். அடுத்த கட்டடத்தில் நிட்டிங் மெஷின் சுற்றும் சத்தம். சுவர், ஊஞ்சல் கயிறு, மெரூன், எல்லாம் அச்சாக இருந்தன. சிவராஜின் பச்சை முந்தினநாளைவிடக் கூடியிருந்தது.

மகள் சிரித்துக்கொண்டே கேமராப் பக்கம் திரும்பினாள். கோமளா படத்தை நிறுத்தினாள்.

இடது கன்னம். தினமும் தூக்கத்தில் அப்பன் நெஞ்சில் அழுந்திக் கிடக்கிற கன்னம்.

அதே பச்சை.

ஓடிப்போய் மகளைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். கன்னம் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் ஈரத் துண்டை எடுத்துத் தேய்த்தாள். பிள்ளை அழ அழத் தேய்த்தாள். அன்றைக்கு ராத்திரி மகளைத் தன் பக்கத்தில் படுக்க வைத்து, சேலைத் தலைப்பால் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு தூங்கினாள். விடிந்து பார்க்கும்போது முடிச்சு அவிழ்ந்திருந்தது. மகள் அவன் நெஞ்சில் கிடந்தாள். அவன் கண்ணைத் திறந்தே வைத்திருந்தான்.

கண் ஒன்று சொல்கிறது, கேமரா வேறொன்று சொல்கிறது. சாயப்பட்டறையில் இதற்கு அர்த்தம் தெரியாதவர்கள் கிடையாது. ஒரு விளக்கில் ஒரே நிறமாகத் தெரிகிற இரண்டு துணி, இன்னொரு விளக்கில் தனித்தனியாகப் பிரிந்துவிட்டால், சாயத்தின் ரெசிபியே வேறு என்று அர்த்தம். பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஆனால் ஒன்று இல்லை. கேமராவுக்கு இருப்பது மனுஷக் கண் அல்ல. அதனால் பிரித்துப் பார்த்துவிட்டதோ? அவன் வேறு ஆள் இல்லை என்று நிரூபித்தாக வேண்டும். லேபின் விளக்குகளை விட்டால் கோமளாவுக்கு வேறு வழி தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, அவள் முன்பு வேலை பார்த்த பட்டறை லீவு. அந்த லேபின் இன்சார்ஜ் திருமூர்த்தியிடம் கெஞ்சிச் சாவி வாங்கினாள். சிவராஜைக் கூட்டிக்கொண்டு, மகளை வீட்டில் விட்டுவரத்தான் பார்த்தாள். பிள்ளை அப்பன் கழுத்தை விடவில்லை. வெளியே மத்தியான வெயில் கொளுத்தியது. உள்ளே ஜன்னல் இல்லாத, சாம்பல் நிறச் சுவருள்ள அறை. உப்பும் காரமும் கலந்த வாடை. சிவராஜ் அதை நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டான்.

மேசைமேல் ஷேடு பார்க்கிற பெட்டி. முன்பக்கம் திறந்து, உள்ளே சாம்பல் பூசி, மேலே விளக்குகள்.

"ஏனுங்க, கைய உள்ள வைங்க."

"வெச்சுட்டாப் போச்சு, புள்ள."

அவன் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தாள். முதல் சுவிட்ச், பகல் வெளிச்சம். இரண்டு கையும் ஒரே மண்நிறம். இரண்டாவது, கடை விளக்கு. ஒன்றுதான். மூன்றாவது, மஞ்சள் பல்பு. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ஒன்றேதான், நூல் பிசகவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள். கேமராதான் பொய். சென்னைக்காரன் கேமரா. என் புருஷன் என் புருஷன்தான்.

"நாலாவதப் போடுலியா?" என்றான் சிவராஜ்.

அவள் சிரிப்பு நின்றது. நாலாவது, ஊதா விளக்கு. வெள்ளைத் துணியில் வெளுப்பு மருந்து இருக்கிறதா என்று பார்க்க மட்டும் போடுவது. சுவிட்ச் மேலிருந்த எழுத்து அழிந்து வருஷக்கணக்காகிறது; அது ஒரு விளக்குக்கு உண்டானது என்றே வெளியாளுக்குத் தெரியாது. அவன் இந்தப் பட்டறைக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை.

"வேண்டாங்க. ஊட்டுக்குப் போலாம்."

"நான் போடறேன்ப்பா," என்று மகள் எட்டி அமுக்கினாள்.

மஞ்சள் அணைந்தது. ஊதா வந்தது. உள்ளே எங்கேயோ விளக்குச் சோக்கின் ரீங்காரம்.

கோமளாவின் கை இருண்டு கிடந்தது. நகங்களில் மட்டும் மங்கலாக ஒரு வெளிச்சம்.

பக்கத்துக் கை பச்சை.

வெளிச்சம் பட்டதால் வந்த பச்சை அல்ல. தோலுக்கு உள்ளே இருந்து. தொட்டித் தண்ணீர் அசைவதுபோல மெல்ல அசைந்தது.

மகள் ஆசையாகத் தன் கையையும் உள்ளே நீட்டினாள். விரல், மணிக்கட்டு, முழங்கை வரை. பச்சை. அப்பன் கையோடு அச்சாகப் பொருந்திய பச்சை. பிள்ளை இரண்டு கையையும் பார்த்தாள். பிறகு அம்மாவின் கையைப் பார்த்து முகம் வாடினாள்.

"ம்மா, உன்ற கை மட்டும் வேற கலரா இருக்குது."

கோமளா கையை இழுத்தாள். வரவில்லை. சிவராஜின் உள்ளங்கை அதன்மேல் இருந்தது. அழுத்தவில்லை. சும்மா இருந்தது. ஈரமாக.

"அம்மாவுக்கும் கலர் ஏறிரும் கண்ணு," என்றான் மகளிடம், அன்பாக. "கொஞ்ச நேரம் ஊறோணும்."

மகள் தன் குட்டிக் கையை எடுத்து அதற்கும் மேலே வைத்தாள்.

கோமளா அலற வாயைத் திறந்தாள். தொண்டைக்குள் உப்பும் காரமும் இறங்கின. அவர்கள் விரல்களின் இடுக்கில் அவள் நகங்கள் தெரிந்தன. அந்த மங்கலான வெளிச்சம் ஒவ்வொன்றாக நிறம் மாறிக்கொண்டிருந்தது. சுண்டுவிரல். மோதிரவிரல். நடுவிரல்.