இல்லாத திரையில் ஒரு விண்டோ

"அத்தை, அழிக்காதீங்க! கையை எடுங்க!"

சுண்டு பாய்ந்து வந்து மவுஸைப் பிடித்துக்கொண்டாள். கைபேசியில் கம்ப்யூட்டர் மெக்கானிக் கத்திக்கொண்டிருந்தார். "மேடம், அந்த சாஃப்ட்வேரை மொத்தமா அழிச்சிட்டுப் புதுசா போடுங்க. வேற வழியே இல்ல!"

அழித்தால், அத்தை மூன்று மாதமாகக் கலந்து சேர்த்த நாற்பது நிறங்களும் போய்விடும். அத்தை சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரைபவள். நான்கு மணிக்குள் கரடிக்குட்டிப் படம் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். கரடியோ இன்னும் வெள்ளைவெளேரென்று நின்றது. நிறங்கள் இருக்கும் சின்ன விண்டோவைக் காணோம்.

மணி மூன்றேகால்.

"திறந்திருக்குன்னு மெனுவுல டிக் போட்டிருக்கு. கண்ணுக்குத்தான் தெரியல. பேயா பிசாசா?" என்றாள் அத்தை.

சுண்டு மேசையின் இடப்பக்கம் பார்த்தாள். தூசிக்கு நடுவே சுத்தமாக ஒரு சதுரம். நேற்றுவரை இரண்டாவது திரை இருந்த இடம். காலையில்தான் அது பழுது பார்க்கப் போனது.

"அந்த விண்டோ தனியாப் பிரிஞ்சு அந்தத் திரையில நிக்குது அத்தை. திரை போன விஷயம் கம்ப்யூட்டருக்குப் புரியல."

"இல்லாத திரையில எப்படிடீ நிக்கும்?"

"வேற ஒண்ணை மாட்டிப் பார்ப்போம்."

வீட்டில் இருந்த வேறொரு திரை, கூடத்து டிவி. அதன் முன்னால் அண்ணன் வீடியோ கேமில் கார் ஓட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணா, டிவி வேணும். அஞ்சே நிமிஷம்."

"போடீ. நான் முதல் இடத்துல இருக்கேன்!"

"பதினோராவதுன்னு போட்டிருக்கே?"

"பின்னாலேருந்து எண்ணிப் பாரு!"

அத்தை கூடத்துக்கு வந்து ஒரு பார்வை பார்த்தாள். அண்ணன் மறுபேச்சில்லாமல் டிவியைத் தூக்கி வந்தான்.

கேபிளைச் செருகினார்கள். டிவி ஒருமுறை கறுத்து, பிறகு வெளிச்சமானது. அதன் ஓரத்தில், ஒன்றும் நடக்காததுபோல், நாற்பது நிறங்களோடு அந்த விண்டோ!

சுண்டு அதன் தலையைப் பிடித்து மெல்ல இழுத்தாள். அத்தையின் திரைக்குக் கொண்டுவந்து வலது விளிம்பில் வைத்தாள். நீலக்கோடு ஒன்று மின்னியது. விரலை எடுத்ததும் விண்டோ பசை போட்டாற்போல் ஒட்டிக்கொண்டது.

மூன்று ஐம்பத்தைந்துக்கு, பழுப்பு நிறக் கரடிக்குட்டி அச்சகத்துக்குக் கிளம்பிப் போனது.

அத்தை நாற்காலியில் சாய்ந்தாள். "மெக்கானிக்குக்கே பிடிபடல. அது அங்கதான் இருக்கும்னு உனக்கு எப்படிடீ தெரிஞ்சது?"

சுண்டு கேபிளை வெகு கவனமாகச் சுருட்டினாள்.

"நேத்து நீங்க குளிக்கப் போனப்போ, அது கரடியோட மூஞ்சியை மறைச்சிட்டு நின்னுது அத்தை. நான்தான் பிச்சு அந்தப் பக்கம் போட்டேன்."