சொல் கேட்ட மிதவைகள்

கடல்நீரை அளக்கும் உணர்மிதவைகள் எல்லாம் நீருக்கு மேலே வந்து நின்றுவிட்டன. மன்னார் வளைகுடாவில் மட்டுமல்ல, பிற கடல்களிலும் ஆளில்லாக் கப்பல்களும் நகரும் மீன்கூண்டுகளும் இருந்த இடத்திலேயே நங்கூரமிட்டன. தூத்துக்குடி கடற்சொல்லகத்தின் திரையில் ஒரே வரி ஓடிக்கொண்டிருந்தது: ‘இங்கே ஒன்றைக் காண்கிறேன். அதற்குச் சொல் இல்லை.’

செலஸ்டினா கையைக் கட்டிக்கொண்டு அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

கடல்களை இயந்திரங்களிடம் விட்ட புதிதில், ஒரே நீரை ஒவ்வொன்றும் ஒவ்வொரு பெயரால் சொல்லிக் குழப்பின. அதனால் உலகம் முழுமைக்கும் ஒரு சொல்தொகுதி வந்தது. ஒரு பொருளுக்கு ஒரு சொல், ஒரு சொல்லுக்கு ஒரு வரையறை. தொகுதியில் இல்லாததைக் கண்டால் இயந்திரம் ஊகிக்கக்கூடாது. நின்று மனிதரைக் கேட்க வேண்டும். இந்த வளைகுடா அந்தத் தொகுதிக்குத் தந்த சொற்களுக்குச் செலஸ்டினாதான் காப்பாளர்.

முந்தின நாள் இயக்குநர் வைரவநாதன், ‘செத்த நீர்’ என்ற சொல்லை நீக்கச் சொன்னார். உயிர்வளி தீர்ந்துபோன நீருக்கு அதுதான் பெயர். வரைபடத்தில் அதைப் பார்த்து முதலீட்டாளர்கள் மிரள்கிறார்களாம். அவள் மறுத்தாள். அவரே நீக்கினார்.

இப்போது வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார்.

“கப்பல்காரன் எல்லாம் கத்துறாம்மா. ‘ஓய்வு நீர்’னு ஒண்ணப் போட்டுவிடு.”

“போட மாட்டேன் சார். ஓய்வெடுத்தா எந்திரிக்கணும். இது எந்திரிக்காது.”

“வேலைய விட்டே தூக்கிருவேன்!”

“தூக்குங்க. கடல் அப்பவும் கேட்டுக்கிட்டுத்தான் நிக்கும்.”

கூண்டுகளில் ஒன்று அவள் தம்பி லியாந்தருடையது. செத்த நீர் அந்தப் பக்கம் நகர்ந்தால், நங்கூரமிட்டு நிற்கும் கூண்டு விலகாது. மீன் முழுதும் போகும். ஆனால் பொய்ச்சொல் ஒன்றைக் கொடுத்துவிட்டால், இனி எந்தக் கூண்டும் என்றைக்கும் விலகாது.

“சரி, பழையதையே திருப்பிப் போட்டுத் தொலை.”

“என்னால முடியாது சார். நீக்குனவர்தான் தன் பேர்ல, தன் வாக்கியத்துல புதுசா வரையறுக்கணும். விதி அப்படி.”

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு எரிச்சலோடு தட்டினார்: ‘செத்த நீர்: மீன் உயிரோடு இருக்கமுடியாத நீர்.’ செலஸ்டினா வாசித்தாள். பழைய வரையறை உயிர்வளியை மட்டும் அளந்தது; இது மீனைக் கொல்லும் எதையும் அளக்கும். அதைத் திருத்தாமல் அப்படியே பதிவுசெய்தாள்.

மிதவைகள் மூழ்கின. கப்பல்கள் கிளம்பின. வைரவநாதன் பெருமூச்சு விட்டார். அந்த மூச்சு அடங்குமுன் வரைபடம் செத்த நீரின் நிறத்தில் கறுக்கத் தொடங்கியது. கொதிநீர் கலந்த கழிமுகம், அமிலம் இறங்கிய கரை, எண்ணெய் படிந்த துறைமுகம் எல்லாம் கறுத்தன. அதே தொகுதியைப் படிக்கும் மற்றக் கடல்களிலும் கறுப்பு பரவியது.

செலஸ்டினா திரையை நெருங்கிப் பார்த்தாள். அவள் கட்டிக்காத்த பழைய வரையறை இத்தனையையும் வெளியே நிறுத்தியிருக்கிறது.

“மாத்தும்மா! பழைய அளவையே போடு!”

“உங்க பேர்ல இருக்கு சார். மாத்தணும்னா நீங்களே நீக்குங்க. திரும்பவும் எல்லாம் மேல வந்து நிக்கும். அப்ப இதையெல்லாம் என்னன்னு கூப்பிடுறதுன்னு உங்களத்தான் கேக்கும்.”

அவர் கை விசைப்பலகைக்கு மேலே அப்படியே நின்றது.

சன்னலுக்கு வெளியே மீன்கூண்டுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. லியாந்தரின் கூண்டும் திரும்பியது. கரையை விட்டு, வளைகுடாவை விட்டு, உயிருள்ள நீரைத் தேடி அவை தெற்கே போய்க்கொண்டே இருந்தன. எதுவும் நிற்கவில்லை.